வாசகர் கேள்வி – பதில்: ஆட்டக்காரர் பியா, பயிற்சியாளர் பியா

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் பியா சுண்ட்ஹாகே பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. ஸ்வீடன் நாட்டின் முன்னாள் கால்பந்து வீராங்கனையான அவர், பின்னாளில் அமெரிக்கா, ஸ்வீடன், பிரேசில், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் பெண்கள் தேசிய அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: சிறுமியாக இருந்தபோது அவர் ஆண் பெயரில் ஆடினார் என்று குறிப்பில் ஒரு வரி இருந்தது. அது உண்மையா? அப்படி ஆட வேண்டிய நிலை ஏன் வந்தது?

உண்மைதான். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1960 பிப்ரவரி 13 அன்று தென்மேற்கு ஸ்வீடனின் உல்ரிசேஹாம்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர் பியா. அவர் பந்தை உதைக்கத் தொடங்கிய 1960-களில், அந்த வட்டாரத்தில் சிறுமிகளுக்கென்று அணி எதுவும் இல்லை. சிறுமிகள் அணியில் சேர்ந்து ஆடலாம் என்ற எண்ணமே பெரும்பாலானவர்களுக்கு வந்திருக்கவில்லை. அவருடைய ஆட்டத்தைப் பார்த்த சிறுவர் அணியின் பயிற்சியாளர், பியா என்ற பெயரோடு ஆட முடியாது, ‘பெல்லே’ என்று பெயர் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். பெல்லே என்பது ஸ்வீடனில் பையன்களுக்கு வைக்கும் பெயர். அந்தப் பெயரில்தான் அவர் களத்தில் இறங்கினார்.

இந்தச் சம்பவத்தைச் சுவையான துணுக்காகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் செய்வதற்கு ஒரு குழந்தை தன் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது என்பதும், அதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஒரு பயிற்சியாளர் என்பதும் சேர்ந்தே நினைவில் கொள்ள வேண்டியவை. விதியை மாற்றும் அதிகாரம் அந்த மனிதருக்கு இல்லை. ஆனாலும், ஆடத் தெரிந்த ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

ஸ்வீடன் பெண்கள் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியதே 1973-இல்தான். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1975-இல், தம் பதினைந்தாவது வயதில் பியா அந்த அணிக்குள் வந்துவிட்டார். அதன்பின் 1996 வரை 146 ஆட்டங்கள், 71 கோல்கள். முன்களத்தில் பெயர் பெற்றவர் என்றாலும், நடுக்களத்திலும், பிற்காலத்தில் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று ஆடும் இடத்திலும்கூட ஆடியிருக்கிறார். ஒரே ஆட்டத்தை இத்தனை இடங்களிலிருந்து பார்த்த கண் பின்னாளில் அவருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைக் கீழே வரும் பதில்களில் காணலாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்: 1984-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை அவர் வென்றதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அப்படியொரு போட்டி நடந்ததா?

நடந்தது, ஆனால் இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் விழாவோடு அதை ஒப்பிடவே முடியாது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் பெண்களுக்காக நடத்திய முதல் போட்டி அது. சாம்பியன்ஷிப் என்ற பெயரைக்கூட அதற்குத் தரவில்லை. பெண்கள் பிரதிநிதி அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டி என்றுதான் அழைத்தார்கள். ஒரு பாதிக்கு 35 நிமிடம்தான். பந்தும் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தைவிடச் சிறியதான நான்காம் எண் பந்து. பெண்களின் உடல் 90 நிமிடம் தாங்காது என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் இன்னும் போகாத காலம்.

இறுதிப் போட்டி ஸ்வீடனுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்களாக நடைபெற்றது. எதிரணியின் கதையும் இங்கே முக்கியம். தன் உறுப்பினர் சங்கங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தடை விதித்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை விலக்காமல் வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓர் ஐரோப்பிய இறுதிப் போட்டிவரை வந்த அணி அது. யோதெபோரி நகரில் மே 12 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் பியா தலையால் முட்டி அடித்த கோலில் ஸ்வீடன் 1-0 என வென்றது. மே 27 அன்று இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இரண்டாவது ஆட்டம். மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. பந்து உருள வேண்டிய இடத்தில் அழுந்தி நின்றது. அன்று இங்கிலாந்து 1-0 என வென்றதால் கணக்குச் சமமாகி, பெனால்டி உதைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. பட்டத்தைத் தீர்மானித்த கடைசி உதை பியாவுடையது. அவர் அடித்தார், ஸ்வீடன் 4-3 என வென்றது. அந்தத் தொடரில் அதிகக் கோல் அடித்தவரும் அவரே. லூட்டனில் அதைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை.

பொறியாளர் ஒருவர்: பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளராவதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இவர் மட்டும் எப்படி விதிவிலக்கானார்?

பல கடிதங்களில் இருந்த கேள்வி இது. எனக்கும் இதுதான் மையமான கேள்வியாகத் தோன்றுகிறது.

தேசிய அணியில் இருபது ஆண்டுகள் நட்சத்திரமாக இருந்த ஒருவர், ஓய்வு பெற்றதும் நேராகத் தேசிய அணியின் பயிற்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டால், பியாவின் வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதியை நாம் தவறவிட்டுவிடுவோம். 1996-இல் அவர் ஆட்டத்தை நிறுத்தினார். அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது 2007 நவம்பரில். நடுவே பதினொரு ஆண்டுகள். 1990-களின் முற்பகுதியிலேயே, ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி கிளப்பில் ஆடிக்கொண்டே பயிற்சியும் அளித்துப் பார்த்திருந்தார். ஓய்வுக்குப் பின் ஸ்வீடனின் சிறிய கிளப்புகளில் வேலை. 2001-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் தொழில்முறை லீக் தொடங்கியபோது பிலடெல்பியா அணியில் துணைப் பயிற்சியாளர். 2003-இல் பாஸ்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதையும் வாங்கினார். வாங்கிய கையோடு, பணமில்லாமல் அந்த லீக்கே மூடப்பட்டது. பிறகு நார்வேயில் ஒரு கிளப், ஸ்வீடனில் எரெப்ரோ கிளப். 2007 உலகக் கோப்பையில் சீன அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மரிகா டொமான்ஸ்கி லிஃபோர்ஸ். அவருக்குத் துணையாகச் சீனா சென்றார் பியா.

இந்தப் பட்டியலில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். 71 கோல் அடித்தவர், சொந்த நாட்டில் தபால் தலையில் இடம்பெற்றவர், பிறருக்குக் கீழே துணைப் பயிற்சியாளராக இருக்கத் தயங்கவேயில்லை. பெரிய ஆட்டக்காரர்களில் பலர் சறுக்கும் இடம் அதுதான் என்பது என் கருத்து. தம் கால்கள் தாமாகச் செய்ததை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்ளவும் பொறுமை இருப்பதில்லை. ஆடுவது ஒரு தொழில், ஆட வைப்பது வேறொரு தொழில். இரண்டாவது தொழிலுக்குப் பியா கடைநிலையிலிருந்து வந்தார். நான்கு நாடுகளில், பல மொழிகளுக்கு நடுவே, பெயர் தெரியாத ஆட்டக்காரர்களோடு அவர் செலவிட்ட அந்தப் பதினொரு ஆண்டுகளைத்தான் அவருடைய வெற்றிகளுக்கு முதல் காரணமாக நான் சொல்வேன். ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழ் அதற்கு அடுத்ததுதான். அந்தப் புகழ் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே நின்று வேலை செய்ய அது போதாது.

பள்ளி மாணவர் ஒருவர்: முதல் கூட்டத்தில் வீராங்கனைகளுக்கு முன்னால் அவர் பாட்டுப் பாடினாராமே? பயிற்சியாளர் அப்படிச் செய்தால் மரியாதை இருக்குமா?

அவர் எந்த அறையில் பாடினார் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

2007 செப்டம்பரில் சீனாவில் உலகக் கோப்பை நடந்தது. ஐம்பது ஆட்டங்களுக்கு மேல் தோல்வியே காணாமல் வந்திருந்த அமெரிக்க அணிக்கு அரையிறுதியில் பிரேசில் எதிரணி. தொடர் முழுவதும் கோல்கீப்பராக ஆடிய ஹோப் சோலோவை அந்த ஆட்டத்துக்கு மட்டும் உட்கார வைத்துவிட்டு, அனுபவம் மிக்க பிரியானா ஸ்கர்ரியை இறக்கினார் அப்போதைய பயிற்சியாளர் கிரெக் ரையன். அமெரிக்கா 0-4 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களிடம் சோலோ, இது தவறான முடிவு, நான் இருந்திருந்தால் அந்தப் பந்துகளைத் தடுத்திருப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தங்களில் ஒருவரையே இன்னொருவர் பொதுவெளியில் குறைத்துப் பேசியதாக அணி அதை எடுத்துக்கொண்டது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சோலோவுக்கு இடமில்லை. சக வீராங்கனைகள் பலர் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். பயிற்சியாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அந்த வீட்டுக்குள்தான் பியா நுழைகிறார். நுழைந்தவர் வெளிநாட்டவர், ஆங்கிலமும் அவருக்குத் தாய்மொழியில்லை. முதல் கூட்டத்தில், காலம் மாறுகிறது என்று சொல்லும் ஒரு பழைய அமெரிக்கப் பாடலை அவர் பாடினார். எதிரே இருந்தவர்கள் முதலில் திகைத்துப் போனார்கள். முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒழுங்கைப் பற்றி உரையாற்றியிருந்தால், அவர்கள் இன்னும் முறுக்கிக்கொண்டிருப்பார்கள். தம்மை முதலில் சிரிப்புக்குரியவராக நிறுத்திக்கொள்ளத் துணிந்த ஒருவரிடம் யாரும் விறைப்பாக இருக்க முடியாது.

ஆனால் பாட்டோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். வெற்றி பெற விரும்புகிறீர்களா என்று அவர்களிடம் கேட்டார். விரும்பினால் கோல்கீப்பர்கள் வேண்டும் என்றார். நடந்ததை மறக்கச் சொல்லவில்லை, மன்னித்தாக வேண்டும் என்பதே அவர் கேட்டுக்கொண்டதன் சாரம். சோலோவை நல்லவர் என்றோ, மற்றவர்கள் செய்தது தவறு என்றோ அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தால் அந்த விசாரணை இன்றும் முடிந்திருக்காது. ஓர் அணி ஒன்றாக ஆடுவதற்கு எல்லோரும் எல்லோரையும் நேசிக்க வேண்டியதில்லை என்பதை, இருபது ஆண்டுகள் உடைமாற்றும் அறைகளில் இருந்தவர் அறிந்திருந்தார். ஆட்டக்காரராக இருந்த அனுபவம் பயிற்சியாளருக்கு உண்மையிலேயே கைகொடுத்த இடம் இது என்று நினைக்கிறேன்.

எட்டு மாதங்களில் பெய்ஜிங் ஒலிம்பிக். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பிரேசிலுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், அணியின் முதன்மைக் கோலடிப்பாளரான ஆபி வாம்பாக்கின் கால் எலும்பு முறிந்தது. ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில், தொடங்கிய நான்கு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் வாங்கி, நார்வேயிடம் 0-2 எனத் தோற்றார்கள். அங்கிருந்து எழுந்து, ஆகஸ்ட் 21 அன்று இறுதிப் போட்டியில் அதே பிரேசிலைக் கூடுதல் நேரத்தில் கார்லி லாய்டு அடித்த ஒரே கோலால் வென்று தங்கம் பெற்றார்கள். அன்று பிரேசிலின் பந்துகளைத் திரும்பத் திரும்பத் தடுத்து அணியைக் காப்பாற்றியவர் ஹோப் சோலோ. பாட்டுப் பாடியதால் மரியாதை குறைந்ததா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வாசகர் ஒருவர்: 2012 ஒலிம்பிக்கில் கார்லி லாய்டை முதல் பதினொருவரில் சேர்க்காமல் உட்கார வைத்தார், அவரே இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தார். அப்படியானால் பியாவின் கணிப்புத் தவறுதானே?

தவறுதான் என்று சொல்லலாம். ஆனால் தவறைத் திருத்திக்கொண்ட வேகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஷானன் பாக்ஸ் காயமடைந்ததால் பதினேழாவது நிமிடத்திலேயே லாய்டு களத்துக்குள் அனுப்பப்பட்டார். 0-2 எனப் பின்தங்கியிருந்த அமெரிக்கா அந்த ஆட்டத்தை 4-2 என வென்றது. ஒரு கோல் லாய்டுடையது. அதன்பின் அவர் உட்காரவே இல்லை. முதலில் தாம் எடுத்த முடிவை நியாயப்படுத்துவதற்காக ஒருவரை மறுபடியும் ஒதுக்கி வைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. பியா அந்த வகையைச் சேர்ந்தவரில்லை. கனடாவுடன் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த அரையிறுதி கூடுதல் நேரத்தின் கடைசி மணித்துளியில் அலெக்ஸ் மார்கன் தலையால் அடித்த கோலில் 4-3 என முடிந்தது. ஆகஸ்ட் 9 அன்று இறுதிப் போட்டியில், லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 80,203 பேர் முன்னிலையில் ஜப்பானை 2-1 என வென்றார்கள். இரண்டு கோலும் லாய்டு அடித்தவை. லூட்டனின் சேற்று மைதானத்திலிருந்து வெம்ப்ளி சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் பெண்கள் கால்பந்து அந்தத் தூரத்தைக் கடக்க 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆண்டின் உலகச் சிறந்த பெண்கள் அணிப் பயிற்சியாளர் விருது பியாவுக்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்குப் பயிற்சியளித்த 107 ஆட்டங்களில் 91 வெற்றி, 10 சமன், 6 தோல்வி என்ற கணக்கோடு, தம் சொந்த நாட்டின் அணியை ஏற்க அவர் ஸ்வீடன் திரும்பினார்.

வழக்கறிஞர் ஒருவர்: 2016 ஒலிம்பிக் காலிறுதியில் அவருடைய ஸ்வீடன் அணி கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்று தடுத்தே அமெரிக்காவை வீழ்த்தியது. 71 கோல் அடித்தவர் இப்படி ஆட வைக்கலாமா? அதைக் கோழைத்தனம் என்று அமெரிக்கர்களே சொன்னார்களே?

அப்படிச் சொன்னவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் பியா அணிக்குள் மீட்டு வைத்த அதே ஹோப் சோலோதான். கோழைகளின் கூட்டத்திடம் தோற்றோம் என்றார். அதைக் கேட்ட பியா, வென்றால் கோழையாக இருப்பதில் தவறில்லை என்று பதில் சொன்னார். அந்தப் பதிலில் கோபமே இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆட்டத்துக்கு வருவோம். அந்தத் தொடரின் முதல் சுற்றில் ஸ்வீடன் பிரேசிலிடம் 1-5 எனத் தோற்றிருந்தது. திறந்து ஆடினால் என்ன நேரும் என்பது அந்த ஒரு மாலையிலேயே தெரிந்துவிட்டது. எதிரே வருவதோ அன்றைய உலகச் சாம்பியன். அந்த அணியின் வேகத்தையும் உடல் வலிமையையும், அதில் பலருடைய பழக்கங்களையும் பியாவைவிட நன்றாக அறிந்தவர் எதிர்முகாமில் எவருமில்லை. அவர்களில் பலரை வளர்த்ததே அவர்தான். பந்தை அவர்களிடமே விட்டுவிட்டு, ஓடுவதற்குத் தேவையான இடத்தை மட்டும் மறுத்தார். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் இருவர் மூவராகச் சேர்ந்து நகர்வது, பந்து கிடைத்த கணத்தில் முன்கள வீராங்கனை ஸ்டீனா பிளாக்ஸ்டேனியஸின் ஓட்டத்துக்கு முன்னால் நீளமாகப் போடுவது: திட்டம் அவ்வளவுதான். 61-ஆவது நிமிடத்தில் அந்த ஓட்டம் கோலாயிற்று. அலெக்ஸ் மார்கன் சமன் செய்தார். 1-1. பெனால்டியில் 4-3. ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் பதக்கம் இல்லாமல் திரும்பியது அதுவே முதல் தடவை. அடுத்து ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில், பிரேசிலின் சொந்த ரசிகர்களுக்கு நடுவே, கோலற்ற சமனுக்குப் பின் மறுபடியும் பெனால்டி வெற்றி. 1-5 எனத் தோற்ற அதே எதிரணியிடம். இறுதிப் போட்டியில் ஜெர்மனியிடம் 1-2 எனத் தோற்று வெள்ளியோடு நின்றார்கள்.

தாம் ஆடியதைப் போலவே தம் அணியும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காததுதான் அவருடைய பெருமை என்று நான் சொல்வேன். அமெரிக்க அணி அவருக்கு முன்பு பந்தை வாம்பாக்கின் தலையை நோக்கி உயரத் தூக்கிப் போட்டே பழகியிருந்தது. அந்த அணியை நடுக்களம் வழியாகத் தரையில் பந்து கடத்த வைக்கப் பாடுபட்டவரும் இதே பியாதான். கையில் இருப்பவர்களுக்கு எது பொருந்துமோ அதைச் செய்தார். முன்களம், நடுக்களம், தற்காப்பு என்று மூன்று இடத்திலும் ஆடிப் பார்த்தவரின் பார்வை இதில் தெரிகிறது. அழகாக ஆடித் தோற்பதில் ஒரு கௌரவம் உண்டு என்று நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் கௌரவத்துக்கான விலையைக் கொடுக்கப்போவது வீராங்கனைகள் என்பதால், அதைப் பயிற்சியாளர் தம் விருப்பத்துக்காகத் தேர்ந்துகொள்வது சரியில்லை.

ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் பயிற்சியாளராக எதிரே நின்ற சில்வியா நைட்டும் முன்னாள் தேசிய வீராங்கனைதான்; 1982-இல் ஜெர்மனியின் முதல் பெண்கள் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். தத்தம் நாட்டுத் தேசிய அணிகளோடு சேர்ந்தே வளர்ந்த இரண்டு பெண்கள், மரக்கானாவில் இரு அணிகளின் பயிற்சியாளர்களாக எதிரெதிரே நின்றார்கள்.

அரசு ஊழியர் ஒருவர்: பிரேசிலில் அவர் தோல்வியடைந்தார் என்பதைக் குறிப்பில் ஏன் மறைத்தீர்கள்?

மறைக்கும் எண்ணம் இல்லை. குறிப்பில் இடம் போதவில்லை. 2019-இல் பிரேசில் அணியை ஏற்றார். டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் கனடாவிடம் பெனால்டியில் தோல்வி. 2022-இல் ஒரு கோல்கூட வாங்காமல் தென் அமெரிக்கச் சாம்பியன் பட்டம். ஆனால் 2023 உலகக் கோப்பையில், கடைசிக் குழு ஆட்டத்தில் கட்டாயம் வென்றாக வேண்டிய நிலையில் ஜமைக்காவுடன் 0-0 எனச் சமன் செய்து, பிரேசில் முதல் சுற்றோடு வெளியேறியது. பிரேசிலின் புகழ்பெற்ற வீராங்கனை மார்த்தாவின் கடைசி உலகக் கோப்பை ஆட்டம் அப்படி முடிந்தது. அந்த ஆகஸ்ட் மாத இறுதியிலேயே பியா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அன்று கோல் தேவைப்பட்ட நேரத்தில் அவருடைய அணியிடம் புதிய வழி எதுவும் இல்லை என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஒழுங்கான தற்காப்பை அவர் கட்டிக் கொடுத்தார். அந்த நாட்டு ஆட்டக்காரர்களின் கால்களில் இயல்பாக இருக்கும் துணிவு அந்த ஒழுங்குக்குள் முழுதாக வெளிவரவில்லை.

உடற்கல்வி ஆசிரியை ஒருவர்: அவருடைய பயிற்சி முறையில் எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது எது?

ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது பெரும்பாலான பயிற்சியாளர்கள் முதலில் தேடுவது பிழையை. பியா முதலில் தேடுவது சரியாக நடந்ததை. சரியாகச் செய்தவருக்கு அதைச் சுட்டிக்காட்டி, மறுபடியும் செய் என்று சொல்வதைத் தம் முறையின் அடிப்படை என்று அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். இது வெறும் புகழ்ச்சியில்லை. ‘நன்றாக ஆடினாய்’ என்பதில் வீராங்கனைக்குப் பயன்படும் செய்தி ஒன்றுமில்லை. பந்து வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்த்தாய், அதனால்தான் ஒரே தொடுதலில் திரும்ப முடிந்தது என்று சொன்னால், அடுத்த முறையும் அவள் தோளைத் திருப்புவாள். பிழையை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, பிழை நேராத இடத்தைத் தேடி ஒதுங்கிக்கொள்கிறது. பந்து தன்னிடம் வராமல் இருந்தாலே நல்லது என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. கற்பிக்கிறவர்கள் எல்லோரும் இப்படி ஒதுங்கிய ஒரு பிள்ளையையாவது பார்த்திருப்பார்கள்.

2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் இந்த முறையின் பலனைக் காண முடிந்தது. போட்டியை நடத்தும் நாடு என்ற எதிர்பார்ப்பு ஒருபுறம். தொடருக்கு முந்தைய மாதங்களில் தொடர் தோல்விகளும், பயிற்சியின் கடுமை பற்றிய முணுமுணுப்பும் மறுபுறம். அந்த நிலையில் பதினெட்டு வயதே ஆன சிட்னி ஷெர்டன்லைப், இமான் பெனே போன்றவர்களை நம்பி இறக்கினார். நார்வேயிடம் தோற்று, ஐஸ்லாந்தை வென்று, பின்லாந்துக்கு எதிராக 92-ஆவது நிமிடத்தில் ரியோலா ஜெமைலி அடித்த கோலால் சமன் செய்து, அந்த நாடு தன் வரலாற்றில் முதல் தடவையாகக் காலிறுதிக்குப் போயிற்று. அங்கே உலகச் சாம்பியனான ஸ்பெயினிடம் 0-2 எனத் தோற்றபோது, வென்றவர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்டிச் சுவிஸ் வீராங்கனைகளை வழியனுப்பினார்கள்.

வாசகி ஒருவர்: உலகக் கோப்பையை அவர் ஒருமுறையாவது வென்றாரா? இப்போது எந்த அணியில் இருக்கிறார்?

உலகக் கோப்பை அவருக்குக் கிட்டவில்லை. 1991-இல் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில் வீராங்கனையாக மூன்றாம் இடம். காலிறுதியில் சீனாவை வீழ்த்திய ஒரே கோலை அடித்தவர் அவர். 2011-இல் அமெரிக்காவின் பயிற்சியாளராக இரண்டாம் இடம். அந்த இறுதிப் போட்டியில் இரண்டு முறை முன்னிலை பெற்றும், ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றார்கள். சுவிஸ் அணியுடனான ஒப்பந்தம் 2025-இன் முடிவோடு நிறைவடைந்தது. அந்த நாட்டுச் சங்கம் அதை நீட்டிக்கவில்லை. முடிவு அவர்களுடையது என்றாலும், அந்தக் கோடைக்குப் பிறகு அவருக்கு இன்னும் ஒரு சுற்று வாய்ப்புத் தந்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.